எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்: வீட்டுச் சேமிப்புக்கு எது?

ஹார்ட் டிஸ்கில் எழுதிவைத்த தரவில் ஒரு பிட் சத்தமில்லாமல் மாறிவிட்டால் என்ன ஆகும்? லினக்ஸில் டிஸ்கின் மேல் கோப்புகளை ஒழுங்குபடுத்திவைக்கும் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மூன்றையும் மற்ற வித்தியாசங்களைவிட இந்தக் கேள்விதான் பிரித்துக் காட்டுகிறது. எக்ஸ்ட்4 மாறிய பிட்டை அப்படியே எடுத்துத் தந்துவிடும். படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வரும்போதுதான் உங்களுக்கே தெரியும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டும் எழுதும்போதே ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் (தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) போட்டுவைக்கின்றன. படிக்கும்போது அது பொருந்தவில்லை என்றால் கெட்ட தரவைத் தராமல் பிழை காட்டும். இன்னொரு டிஸ்கில் நல்ல பிரதி இருந்தால் அதைத் தந்து, கெட்டதையும் திருத்திவிடும்.

டிஸ்கே தன் பிழைகளைக் கண்டுபிடிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், தட்டில் நேரும் பிழைகளை டிஸ்கின் உள்ளே இருக்கும் திருத்தக் குறியீடு பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் தளர்ந்த சாட்டா கேபிள், மலிவான யூஎஸ்பி உறை, கண்ட்ரோலர், ஃபர்ம்வேர், ரேம் வழியாக வரும் பிழைகள் அதன் பார்வைக்கு வெளியே நடப்பவை. ஒரே தரவை இரண்டு டிஸ்கில் எழுதும் லினக்ஸின் எம்டி ரெய்டு1 மேல் எக்ஸ்ட்4 போட்டாலும் இது தீராது. இரண்டு பிரதிகளும் வேறுபடுகின்றன என்று மாதாந்தரச் சோதனை சொல்லும். எது சரி என்று சொல்ல அதற்கு வழியில்லை. ரிப்பேர் கொடுத்தால் ஒரு பிரதியை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும், அது கெட்டதாக இருந்தாலும்.

பேக்கப் இருந்தால் போதும் என்பதும் பாதி உண்மை. நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் சாதாரணமாகக் கோப்பின் அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். அதனால் பழைய நல்ல பிரதியைத் தொடாது. பழைய பேக்கப் டிஸ்க் பழுதாகிப் புதியதுக்கு முழுவதும் நகலெடுக்கும் நாளில் கெட்ட கோப்புதான் போய்ச் சேரும். திரும்பக் கிடைக்காத படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், வருடக்கணக்கில் சேர்த்த ஒலிப்பதிவுகள் இருக்கும் இடத்தில் செக்சம் இல்லாத கோப்பு முறைமையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

எக்ஸ்ட்4: எங்கே இன்னும் சரி

2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28-ல் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து அதன் பெரிய பலம், பழுதானால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதே. கரண்ட் போய் ஜர்னல் (எழுதும் வேலைகளின் குறிப்பேடு) குழம்பினால் இ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினால் போதும், பெரும்பாலும் மீண்டுவிடும். மெய்நிகர் கணினிகளின் உள்ளே, ராஸ்பெரி பையின் மெமரி கார்டில், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தின் கீழே நான் இதைத்தான் போடச் சொல்வேன்.

தரவு டிஸ்கில் போடுவதென்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ரூட் பயனருக்கென்று 5 சதவீத இடத்தை அது ஒதுக்கிவைக்கும். 4 டிபி டிஸ்கில் அது 200 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் 'எம்' விருப்பத்துக்கு 0 கொடுத்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். இயங்குதளம் இருக்கும் பகுதியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இடம் நிரம்பும் நாளில் லாக் எழுதக்கூட வழி இருக்காது. இரண்டாவது, ஐநோட்களின் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் பதிவுகள்) எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. 16 கேபிக்கு ஒன்று என்ற இயல்பு விகிதத்தில் 4 டிபி டிஸ்கில் ஐநோட் அட்டவணைக்கு மட்டும் ஏறக்குறைய 62 ஜிபி போகும். வீடியோ மட்டும் வைப்பதென்றால் ஃபார்மட்டின்போது 'லார்ஜ்ஃபைல்' வகையைத் தேர்ந்தெடுத்தால் 1 எம்பிக்கு ஒன்று என்று குறையும். பிறகு மாற்ற முடியாது. இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் தரவுக்குச் செக்சம் கிடையாது. அதோடு அதன் பகுதியின் அளவைக் குறைக்கவும் முடியாது என்பதால் வீட்டு உபயோகத்துக்கு அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

பிடிஆர்எஃப்எஸ்: லேப்டாப்பில் வெல்வது இதுதான்

ஆரக்கிளில் கிறிஸ் மேசன் 2007-ல் தொடங்கிய வேலை, 2009-ல் லினக்ஸின் மையமான கர்னலுக்குள் வந்தது. சூசே 2014-லேயே இதை இயல்பாக்கிவிட்டது. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 33-ஆம் பதிப்பில், 2020-ல் மாறியது. ரெட் ஹாட் மட்டும் எதிர்த்திசையில் போய் தன் லினக்ஸான ஆர்ஹெச்இஎல் 8-லிருந்து நீக்கிவிட்டது. இதை வைத்து 'ரெட் ஹாட்டே கைவிட்டது' என்று இன்றும் வாதிடுகிறார்கள். மெட்டா தன் சர்வர்களில் இதைப் பயன்படுத்துகிறது, அதன் பொறியாளர்களும் இதன் முக்கியப் பங்களிப்பாளர்கள் என்பதையும் அந்தத் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும்.

ஒற்றை எஸ்எஸ்டி இருக்கும் லேப்டாப்பில் இதற்கு நிகரில்லை. கர்னலோடேயே வருகிறது. இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கத்தை நிலை 1-ல் போட்டால் மூல நிரல், உரைக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும், வேகம் குறைவது தெரியாது. அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவைத்தால், அப்டேட் சொதப்பினாலும் பழைய நிலைக்கே பூட் செய்யலாம். ஓபன்சூசேவின் ஸ்னாப்பர் இதைத் தானாகவே செய்துவிடும்.

சொதப்பும் இடங்களும் உண்டு. இடம் இருக்கும்போதே 'இடமில்லை' என்று நிற்பது அதில் பிரபலமானது. பிடிஆர்எஃப்எஸ் டிஸ்கை 1 ஜிபி அளவிலான துண்டுகளாகப் பிரித்து, தரவுக்கு, மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளைப் பற்றிய விவரங்கள்) என்று தனித்தனியே ஒதுக்குகிறது. தரவுத் துண்டுகள் பாதி காலியாகவே டிஸ்க் முழுவதையும் பிடித்துக்கொண்டால் மெட்டாடேட்டாவுக்குப் புதுத் துண்டு கிடைக்காது. 'ஃபைல்சிஸ்டம் யூஸேஜ்' கட்டளையில் ஒதுக்கப்படாத இடம் எவ்வளவு என்று பாருங்கள். அது சில ஜிபிக்குக் கீழே போனால், துண்டுகளை மறுபடி அடுக்கும் பேலன்ஸ் வேலையை 'டியூஸேஜ்' 5 என்று தொடங்கி, பிறகு 10, 20 என்று ஏற்றுங்கள். மெட்டாடேட்டாவை பேலன்ஸ் செய்யாதீர்கள். அதற்கென்று இருக்கும் இடமும் சுருங்கி அதே சிக்கல் சீக்கிரமே திரும்பி வரும்.

மெய்நிகர் கணினியின் டிஸ்க் இமேஜ், தரவுத்தளக் கோப்பு போன்றவை எழுத எழுதத் துண்டுதுண்டாகிவிடும். மாற்றத்தைப் பழைய இடத்தின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் நகலெழுத்துதான் காரணம். காலியான ஃபோல்டரில் 'சிஹெச்ஆட்டர்' கட்டளை மூலம் அந்த நகலெழுத்தை நிறுத்தி, அதன் பிறகு கோப்பை அதனுள் நகலெடுக்க வேண்டும். ஆனால் நகலெழுத்தை நிறுத்தினால் செக்சமும் சுருக்கமும் சேர்ந்தே போய்விடும். ஸ்னாப்ஷாட்கள் இருக்கும் டிஸ்கில், சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் ஓட்டுவது இன்னொரு பொறி. பகிர்ந்திருந்த பிளாக்குகள் பிரிந்து, ஒரு கோப்புக்கு இரண்டு மடங்கு இடம் பிடிக்கும்.

ரெய்டு5, ரெய்டு6 வேண்டாம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பாரிட்டி (இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தரவு) பொருந்தாமல் போகும் ஓட்டை இன்னும் முழுமையாக அடைபடவில்லை; அதிகாரப்பூர்வ ஆவணமே இதை எச்சரிக்கிறது. அதே போல 'செக்' கட்டளையின் ரிப்பேர் விருப்பத்தையும் தெரிந்தவர் சொல்லாமல் தொடாதீர்கள். எக்ஸ்ட்4-ல் பழகிய கை முதலில் அங்கேதான் போகும், அதுதான் ஆபத்து. முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து தரவை வெளியே எடுங்கள்.

இரண்டு டிஸ்க் வந்துவிட்டால்

இங்கேதான் உண்மையான போட்டி. பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு1 என்றால் எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பிரதி என்று பொருள். 4, 2, 2 டிபி என்று கையில் கிடைத்த மூன்று டிஸ்குகளைப் போட்டாலும் 4 டிபி முழுதாகக் கிடைக்கும். ஒரே தரவை எல்லா டிஸ்கிலும் எழுதும் இசட்எஃப்எஸ் மிரரில் சிறிய டிஸ்கின் அளவுதான் கணக்கு. பழைய டிஸ்குகளைச் சேர்த்து ஒப்பேற்றுபவருக்கு பிடிஆர்எஃப்எஸ்தான் வசதி.

டிஸ்க் செத்த பிறகு நிலைமை தலைகீழ். இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்குகளின் தொகுப்பு) குறைபட்ட நிலையிலும் தானாக ஏறிக்கொள்ளும். 'ஸ்டேட்டஸ்' கட்டளையில் எந்த டிஸ்க் போனது என்று தெளிவாகச் சொல்லும். 'ரீப்ளேஸ்' கொடுத்தால் வேலை முடிந்தது. பிடிஆர்எஃப்எஸ்ஸை 'டிகிரேடட்' என்று குறிப்பிட்டு நீங்களே மவுண்ட் செய்ய வேண்டும். அந்த நிலையில் எழுதப்படும் புதுத் தரவு ஒற்றைப் பிரதியாக விழலாம். எனவே ரீப்ளேஸ் முடிந்ததும் 'கன்வெர்ட்' ரெய்டு1, 'சாஃப்ட்' என்று தரவுக்கும் மெட்டாடேட்டாவுக்கும் ஒரு பேலன்ஸ் ஓட்டியே ஆக வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, அடுத்த டிஸ்க் போகும்போது இழப்பவர்கள் உண்டு. தொல்லை வேண்டாம் என்று, மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் 'டிகிரேடட்' நிரந்தரமாகப் போட்டுவைப்பதும் தவறு. ஒரு டிஸ்க் தாமதமாக எழுந்த நாளில் இரண்டு பிரதிகளும் வெவ்வேறு பாதையில் போய்விடும்.

ஒரே அளவில் இரண்டு டிஸ்க் வாங்க முடிகிறவருக்கு என் தேர்வு இசட்எஃப்எஸ் மிரர்தான். சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் ஆகியோர் உருவாக்கியது. 2005-ல் சிடிடிஎல் உரிமத்தில் திறந்த மூலமாக வெளிவந்தது. அந்த உரிமம் கர்னலின் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது என்ற கருத்து வலுவாக இருப்பதால்தான் இது இன்றுவரை லினக்ஸ் கர்னலுக்குள் வரவில்லை. நடைமுறையில் இதன் விலை கர்னல் அப்டேட்டின்போது தெரியும். புதுக் கர்னலுக்கு ஓபன்இசட்எஃப்எஸ் இன்னும் தயாராகாதிருந்தால் கர்னலுக்கேற்ப மாட்யூலை உருவாக்கும் டிகேஎம்எஸ் தோற்று, பூல் ஏறாது. உபுண்டு மாட்யூலைக் கர்னலோடேயே தருவதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. ஆர்ச் போன்றவற்றில் நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கர்னலையே வைத்துக்கொள்ளுங்கள்.

பூல் உருவாக்கும்போது செய்யும் தவறுகளில் பல பிறகு திருத்த முடியாதவை. செக்டர் அளவை 2-ன் அடுக்காகக் குறிக்கும் ஆஷிஃப்ட் மதிப்பை 12 என்று நீங்களே கொடுங்கள். 4 கேபி செக்டர் உள்ள பல டிஸ்குகள் 512 பைட் என்றே அறிவிக்கும். அதை நம்பி 9 என்று அமைந்துவிட்டால் எழுதும் வேகம் படுத்துவிடும், பூலை அழித்துத்தான் மாற்ற முடியும். டிஸ்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரில் கொடுக்காமல் சீரியல் எண் உள்ள 'பை-ஐடி' பெயரில் கொடுங்கள். பழுதானதைக் கழற்றும் நாளில் எதைக் கழற்றுவது என்ற குழப்பமே இருக்காது.

எல்லாவற்றையும்விட, 'ஆட்' வேறு, மிரராக்கும் 'அட்டாச்' வேறு. ஒற்றை டிஸ்க் பூலை மிரராக்க நினைத்து 'ஆட்' கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இரண்டும் ஸ்ட்ரைப் ஆகிவிடும், அதாவது தரவு இரண்டிலும் பிரிந்து கிடக்கும். ஒன்று போனால் எல்லாம் போச்சு. இதை 'ரிமூவ்' கொடுத்து மீட்கலாம். ரெய்டுஇசட் (இசட்எஃப்எஸ்ஸின் பாரிட்டி முறை) உள்ள பூலில் எச்சரிக்கையை மீறி வலுக்கட்டாயமாக 'ஆட்' கொடுத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பிலிருந்து ரெய்டுஇசட்டில் டிஸ்க் ஒன்றைச் சேர்த்து விரிக்க முடிகிறது, அதற்கும் 'அட்டாச்'தான்.

ஒரு டிபிக்கு 1 ஜிபி ரேம் வேண்டும் என்ற பேச்சை நம்பி ஒதுங்க வேண்டாம். ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப் போட்டால்தான் அந்தப் பசி. ஒரு பிளாக்குக்குச் சுமார் 320 பைட் என்று வைத்தால், 128 கேபி பிளாக்குகளில் ஒரு டிபிக்கு 2.5 ஜிபி ஆகும். சிறு கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் ஏறும். டீடூப்பைத் தொடாவிட்டால் 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண மெஷினே போதும். கேஷ் அதிகம் எடுத்துக்கொள்வதாகத் தோன்றினால் 'இசட்எஃப்எஸ்_ஆர்க்_மேக்ஸ்' அளவை 4294967296 என்று வைத்து 4 ஜிபியில் கட்டிப்போடுங்கள். பிழைகளைத் தானே திருத்தும் ஈசிசி ரேம் இருந்தால் மூன்றுக்குமே நல்லது. இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் கட்டாயம் என்று சொல்லக் காரணமில்லை.

டிஸ்க் வாங்கும்போது, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகையைத் தவிருங்கள். 2020-ல் டபிள்யூடி ரெட் வரிசையின் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரும் சர்ச்சையானது நினைவிருக்கலாம். மாற்று டிஸ்கில் தரவை மறுபடி நிரப்பும்போது இவை மிகவும் மந்தமாகி, இசட்எஃப்எஸ் அவற்றைப் பழுதானவையாக நினைத்து வெளியேற்றும் அளவுக்குப் போகும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் இரண்டிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். 'தமிழ்நாடு' என்ற பெயருக்கே 27 பைட். மொத்தம் 85 குறிகள்தான். மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறிகள் என்பதால் நடைமுறையில் ஐம்பது எழுத்துகளைத் தாண்டினாலே நெருக்கடி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் எல்லை 255 குறிகள். அங்கே நீளமாகப் பெயரிட்ட பாடல்களையும் மின்னூல்களையும் நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று நிற்பது இதனால்தான். ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-ல் 'லாங்நேம்' என்ற பண்பை இயக்கினால் 1023 பைட் வரை போகலாம். மூன்றில் இந்த வசதி இதற்கு மட்டுமே.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. 'கோ' என்ற எழுத்தில் க-வுக்குப் பிறகு வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ்+ பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வந்த 'கோயில்' ஃபோல்டரும் லினக்ஸில் நீங்கள் தட்டச்சு செய்த 'கோயில்' ஃபோல்டரும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக நிற்கும். தேடினால் ஒன்றுதான் அகப்படும். இசட்எஃப்எஸ்ஸில் 'நார்மலைசேஷன்' பண்பை 'ஃபார்ம்டி' என்று வைத்தால் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். ஔகாரக் குறியின் இடத்தில் ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் தட்டப்பட்ட பெயர்களை மட்டும் இது சேர்க்காது. யூனிகோடின் கணக்கில் அவை வேறு எழுத்துகள்.

அந்தப் பண்பை டேட்டாசெட் (பூலுக்குள் இருக்கும் தனிக் கோப்பு முறைமை) உருவாக்கும்போது மட்டுமே கொடுக்க முடியும். ஏற்கெனவே தரவு இருந்தால் புது டேட்டாசெட் ஒன்றை அந்தப் பண்போடு உருவாக்கி, ஆர்சிங்க் மூலம் மாற்றுங்கள். 'சென்ட்', 'ரிசீவ்' வழியாக அனுப்பினால் பழைய பண்பே கூட வந்துவிடும். மாற்றுவதற்கு முன், பார்வைக்கு ஒரே பெயரில் இருக்கும் கோப்புகளைத் தேடி வேறு பெயர் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புது இடத்தில் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்பட்டுவிடும்.