பல்கலைக்கழகமா, நிறுவன ஆய்வகமா: சைபர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு எது தோது?

கணினியின் முதன்மை நினைவகமான டிராமில் ஒரே வரிசையை மளமளவென்று திறந்து மூடிக்கொண்டே இருந்தால், பக்கத்து வரிசையில் உள்ள பிட் (0 அல்லது 1) தானாகப் புரண்டுவிடும். ரோஹேமர் என்று பெயர் பெற்ற இந்தக் கோளாறைப் பற்றி 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் இன்டெல் ஆய்வகத்தாரும் சேர்ந்து எழுதினார்கள். சோதித்த 129 நினைவகத் தொகுதிகளில் 110-ல் பிழை வந்தது. 2015 மார்ச்சில் கூகுளின் பழுது தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோ அதே கோளாறை வைத்து, ஒரு சாதாரண நிரலிலிருந்து கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதிகாரத்தையே பிடித்துக் காட்டியது. அடுத்த தலைமுறை நினைவகமான டிடிஆர்4-ல் தடுப்பு வைத்தாயிற்று என்றார்கள் தயாரிப்பாளர்கள். 2020-ல் ஆம்ஸ்டர்டாம் விரிஜே பல்கலைக்கழகக் குழுவும் கூட்டாளிகளும் 42 தொகுதிகளைச் சோதித்து, 13-ல் அந்தத் தடுப்பைத் தாண்டினார்கள்.

பொறுமையாக அளப்பதும், "சரியாகிவிட்டது" என்ற பேச்சை ஆண்டுகள் கழித்தும் கிளறுவதும் பல்கலைக்கழகத்துக்குக் கைவந்தவை. கிடைத்த கோளாறைச் சில மாதங்களில் முழுத் தாக்குதலாக்குவதில் நிறுவன ஆய்வகம் கெட்டி. சம்பளத்தை அலசத் தேவையில்லை, நிறுவனத்தில்தான் அதிகம். உங்கள் கேள்வி எத்தனை ஆண்டு கேட்கும், அதற்கான தரவு யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்து முடிவெடுப்பதே மேல்.

தரவு

பல்கலைக்கழகத்தின் பெரிய பலவீனம் இதுதான். ஊடுருவல் கண்டறிதலை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் மாணவருக்கு நிஜ வலையமைப்புப் போக்குவரத்தை யாரும் எளிதில் தரமாட்டார்கள். கடைசியில் அவர் இணையத்தில் கிடைக்கும் பழைய தரவுத்தொகுப்பில் போய் விழுவார். அங்கே என்ன காத்திருக்கிறது என்பதற்கு அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்பாவின் 1999-ம் ஆண்டுத் தொகுப்பே சாட்சி. செயற்கையாக உருவாக்கிய அந்தப் போக்குவரத்தில், டிடிஎல் மதிப்பு (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்) 126 அல்லது 253 என்று இருந்த பாக்கெட்டுகள் தாக்குதல்களில் மட்டுமே வந்தன. இயல்பான போக்குவரத்தில் பெரும்பாலும் 127, 254. அந்த ஒரு பைட்டை மட்டும் பார்க்கும் நிரல், தாக்குதல் என்றால் என்னவென்றே தெரியாமல் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஊடுருவல் கண்டறிதல் ஆய்வில் பரவலாகப் புழங்கிய கேடிடி கப் 99 தொகுப்பில், பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78 சதவீதம் ஒன்றின் நகல் மற்றொன்று. இவற்றில் 99 சதவீதத் துல்லியம் காட்டும் கட்டுரையை மதிப்பாய்வாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதற்கு மாற்று, தரவை நாமே உண்டாக்கிக்கொள்ளக்கூடிய தலைப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஸீமேப் என்ற துழாவும் கருவி, ஒரே கணினியிலிருந்து ஜிகாபிட் இணைப்பில் இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் துழாவிவிடும். ஆனால் சும்மா ஓட்டினால் முதல் நாளே புகார்கள் குவியும். துழாவும் கணினியின் முகவரியில் ஆய்வு நோக்கத்தைச் சொல்லும் பக்கம் ஒன்று இருக்க வேண்டும். தலைகீழ் டிஎன்எஸ் (முகவரியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் சேவை) தரும் பெயரிலேயே 'ஆய்வு' என்று தெரிய வேண்டும். விலக விரும்புவோரின் முகவரிகளை நீக்கும் பட்டியல் வேண்டும். வளாக வலையமைப்பு நிர்வாகிக்கு முன்கூட்டியே தகவல் போயிருக்க வேண்டும்.

நிறுவனத்தில் தரவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை வைத்து எழுதிய முடிவை வெளியாள் யாரும் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. யூசெனிக்ஸ் செக்யூரிட்டி போன்ற மாநாடுகள் நிரலையும் தரவையும் சரிபார்த்து முத்திரை தருகின்றன; அந்த முத்திரை எட்டாமலே போகலாம். வேலையை விட்டால் தரவும் உங்களோடு வராது.

காலக்கணக்கு

முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக 4 முதல் 6 ஆண்டு, முதுமுனைவர் பணியில் 1 முதல் 3 ஆண்டு, பிறகு உதவிப் பேராசிரியர். டெனியூர் (நிரந்தரப் பணி) முறை உள்ள இடங்களில் ஆறாம் ஆண்டு வாக்கில் நிரந்தரமா, வெளியேறுவதா என்று தீர்ப்பு வரும். இத்துறையில் மாநாட்டுக் கட்டுரைக்குத்தான் மதிப்பு: ஐஇஇஇ எஸ் அண்ட் பி, யூசெனிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ் ஆகிய நான்கும் முதல் வரிசை. அனுப்புவதில் ஐந்தில் ஒன்று தேறினாலே அதிகம். ஆகவே ஒரு கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாம் முறை ஏறும் என்றே கணக்குப் போடுங்கள். அனுப்பியதெல்லாம் ஏறிவிடும் என்று அட்டவணை போட்டவர்தான் ஐந்தாம் ஆண்டில் திணறுவார்.

பேராசிரியர் ஆனபின் பாடம், நிதி விண்ணப்பம், மாணவர் வழிகாட்டல் எல்லாம் போக, கையால் நிரல் எழுத நேரம் கிடைப்பது அபூர்வம். பிழை தேடும் டீபகர் கருவியோடு உட்கார்ந்தால்தான் உயிர் வரும் என்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நிறுவனத்தில் அந்த நேரம் கிடைக்கும். ஆனால் திட்டம் காலாண்டுக்குக் காலாண்டு கேள்விக்குள்ளாகும். ஆய்வகமே மூடப்படலாம்: தனிநபர் விவரம் வெளியாகாமல் புள்ளிவிவரம் தர உதவும் வேறுபாட்டுத் தனியுரிமைக்கு அடித்தளம் போட்ட ஆய்வாளர்கள் பணியாற்றிய மைக்ரோசாஃப்டின் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆய்வகம் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது.

வெளியிடும் உரிமை

இதில் பல்கலைக்கழகம்தான் சுதந்திரம் என்பது பாதி உண்மை. கார்த் திருட்டுத் தடுப்பில் பயன்படும் மெகாமோஸ் கிரிப்டோ சில்லின் பலவீனத்தை பர்மிங்ஹாம், ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிடவிருந்தார்கள். ஃபோக்ஸ்வேகன் தரப்பு கேட்டுக்கொண்டதன்பேரில் இங்கிலாந்து நீதிமன்றம் தடை போட்டது. கட்டுரை 2015-ல்தான் வந்தது. டெனியூர் கடிகாரம் ஓடும் ஒருவருக்கு இரண்டு ஆண்டு சின்ன விஷயமில்லை. நிறுவனத்தில் சட்டக்குழு உங்கள் பக்கம் நிற்கும். பழுது கூட்டாளி நிறுவனத்தின் பொருளில் இருந்தால் அதே சட்டக்குழு உங்கள் வாயை அடைக்கவும் செய்யும்.

எங்கே இருந்தாலும், பழுதைச் சொல்லித் தயாரிப்பாளருக்கு முதல் மின்னஞ்சல் போகும்முன் வெளியீட்டுத் தேதியை எழுத்தில் வைத்துவிடுங்கள். பழுது அறிவிப்புகளை ஒருங்கிணைக்கும் செர்ட்/சிசி அமைப்பு வழக்கமாகத் தரும் அவகாசம் 45 நாள், புராஜெக்ட் ஜீரோ தருவது 90 நாள். கட்டுரை அனுப்பும் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணாமல் விட்டால், மாநாடு வந்துவிடும், பழுது சரியாகியிருக்காது.

போய்த் திரும்புவது

பல்கலைக்கழகத்திலிருந்து நிறுவனத்துக்குப் போகும் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். திரும்பி வரும் கதவு ஒடுக்கமானது. நியமனக்குழு பார்ப்பது கடைசி மூன்று, நான்கு ஆண்டுக் கட்டுரைப் பட்டியலை. உள்வட்டத்தில் நீங்கள் காப்பாற்றிய அமைப்புகள் அதில் தெரியாது. மாநாட்டு மதிப்பாய்வுக் குழுவில் ஆண்டுக்கு ஒன்றிலாவது இடம் பிடித்து, பழைய கூட்டாளிகளோடு ஆண்டுக்கொரு கட்டுரையாவது எழுதிவந்தால் வழி அடைபடாது.

அதனால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். கட்டுரைக்கு ஒப்புதல் தர அதிகபட்சம் எத்தனை நாள்? பதில் வராவிட்டால் அது சம்மதமா, மறுப்பா? வேலைநேரத்துக்கு வெளியே எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம்? முதலாவதற்கு "வழக்கமாகச் சீக்கிரம் தந்துவிடுவோம்" என்று வாய்வார்த்தை வந்தால் விடாதீர்கள். காப்புரிமை விண்ணப்பம் முடியும்வரை கட்டுரையைக் கிடப்பில் போடுவதும் அந்த 'வழக்கத்துக்குள்' அடங்கும்.