குழு இல்லமா, தனிக் கதவா?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 1887இல் தொடங்கிய ‘கியூ காட்டேஜஸ்’ என்ற பெரிய விடுதி 2008 வரை இயங்கியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைக் கூட்டங்கூட்டமாக வைத்திருந்த இடம். 1996இல் அங்கே நடந்த தீவிபத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவருக்கு, சாதாரணத் தெருவில் நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் குழு இல்லம் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! இன்று எல்லோரும் குழு இல்லத்தைத் திட்டுகிறார்கள். நானும் திட்டப்போகிறேன். ஆனால் இதை மறந்துவிட்டுத் திட்டக் கூடாது.

இப்போது அதற்குப் போட்டியாக நிற்பது தனி அடுக்குமாடி வீடு. ஒரே கட்டடத்தில் பத்து வீடுகள் மாற்றுத்திறனாளிகளுக்கு, இன்னொன்று உதவியாளர்களுக்கு. மற்ற வீடுகளில் வழக்கமான குடித்தனக்காரர்கள். இரண்டு வகைக்குமே என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தில், சிறப்பு வீட்டு வசதிக்கான எஸ்.டி.ஏ. நிதி உண்டு. குடியிருப்பவர் தருவது தன் உதவித்தொகையில் 25 சதவீதமும், அரசு தரும் வாடகை உதவி முழுவதும். ஆக, சண்டை வாடகையைப் பற்றியது இல்லை.

கட்டுமானத்தைப் பற்றியதும் இல்லை. அதிக உடல் உதவி தேவைப்படுவோருக்கான புது வீடு என்றால், குழு இல்லமானாலும் தனி வீடானாலும் விதி ஒன்றுதான்: சக்கர நாற்காலி தாராளமாக நுழையும் கதவு, ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்டைத் தாங்கும் கூரை, கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் ஓடும் மாற்று மின்சாரம்.

வித்தியாசம் ராத்திரியில் தெரியும். நான் ஷிப்ட் பார்த்த ஒரு நால்வர் வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் ஒருவர் இருந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஹாய்ஸ்டில் படுக்கைக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும்; ஒன்பது மணிக்கு மேல் ஒருவர்தான் இருப்போம். அதனால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் எட்டரைக்கு அவரைப் படுக்க வைத்துவிடுவோம். பதினைந்தாவது ஓவரில் தூங்கப் போகச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த வீட்டில் கதவுகள் அகலம்தான், குளியலறை பிரமாதம்தான். யார் எப்போது வேலைக்கு என்று சொல்லும் ரோஸ்டர்தான் குறுகல்.

பழைய குழு இல்லங்கள் பலவற்றில் வீட்டுக்காரரும் உதவியாளரை அனுப்பும் நிறுவனமும் ஒன்றே. உதவி சரியில்லை என்று புகார் சொன்னால் வீடே போய்விடுமோ என்ற பயம். தனி வீட்டில் பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு கை. என்னைக் கேட்டால், சொந்தச் சமையலறையைவிட இதுதான் பெரிய லாபம். மாற்றுத்திறனாளிகளுக்கு நடக்கும் கொடுமைகளை விசாரித்து 2023இல் அறிக்கை தந்த அரச ஆணையத்தில்கூட, குழு இல்லங்களை என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆணையர்களில் சிலர் 15 ஆண்டுகளுக்குள் குழு இல்லங்களை மூடச் சொன்னார்கள், மற்றவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை.

தனி வீட்டிலும் ஓட்டை இருக்கிறது. பத்து வீட்டுக்கும் பொது உதவியாளர் ஒருவரே. இரண்டு பேர் ஒரே சமயத்தில் மணியடித்தால் ஒருவர் காத்திருக்க வேண்டும். பேச்சுத்துணையும் தானாக வராது.

மூன்றாவது வழி, இருக்கும் வீட்டையே தேவைக்கேற்ப மாற்றியமைப்பது. நம் தமிழ்க் குடும்பங்கள் முதலில் நினைப்பது இதைத்தான். அம்மாவின் முதுகு தாங்கும் வரை ஓடும். தற்காலிக விசாவில் இருக்கும் அகதிக் குடும்பத்துக்கு என்.டி.ஐ.எஸ். கதவே திறக்காது, அதனால் வேறு வழியும் இல்லை. 2022 தேசியக் கட்டட விதி புது வீடுகளுக்குப் படியில்லாத வாசலையும் 820 மி.மீ. கதவு இடைவெளியையும் கேட்டது. நியூ சவுத் வேல்ஸ், மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்கள் அதை ஏற்காமல் ஒதுங்கிக்கொண்டன.

நம் கிரிக்கெட்காரர் தனி வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது கடைசிப் பந்து வரை பார்க்கிறார். சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறிப் பழைய வீட்டுக்கு வருகிறார். பார்பெக்யூ போடுவது இன்னும் அங்கேதான்.