குரும்பூர் டூ நெல்லை: காலையில் பஸ், சாயந்தரம் ரயில்

குரும்பூரில் இருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். மாவட்டக் கணக்கில் 1986-லேயே எங்கள் ஊர் தூத்துக்குடியோடு போய்விட்டது. ஆனாலும் காலேஜ், ஆஸ்பத்திரி, கல்யாணத்துக்குத் துணி எடுப்பது, வேலை என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் ஓடுவது நெல்லைக்குத்தான். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது "அக்கா, ரயிலா பஸ்ஸா?" என்றுதான். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. காலைக்கு ஒரு பதில், சாயந்தரத்துக்கு வேறு பதில்.

முதலில் காலை ரயில். திருச்செந்தூரில் கிளம்பும் பாசஞ்சர் காயல்பட்டினத்திலும் ஆறுமுகநேரியிலும் ஆள் ஏற்றிக்கொண்டு எங்களிடம் வரும்போதே வாசல் அடைத்திருக்கும். பழைய நீலப் பெட்டியில் 90 பேர் உட்காரலாம். மூன்று பேர் சீட்டில் நாலு பேர் என்பது சொல்லாமலே நடக்கும். அதற்கு மேல் நடைபாதை, இரண்டு சீட்டுக்கும் நடுவில் முழங்கால் இடிக்கும் இடம், கக்கூஸ் வாசல், சாமான் வைக்கும் பலகை என்று ஒரு இடம் பாக்கி இருக்காது. குரும்பூரில் ஏறுவதுகூடப் பெரிசில்லை. அதற்கப்புறம் கச்சனாவிளை, நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறிக்கொண்டே இருப்பார்கள், இறங்குகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். எல்லாருக்கும் பாளையங்கோட்டை அல்லது ஜங்ஷன்தானே. அதனால் ரயில் கூட்டம் கடைசி வரை இறுகிக்கொண்டே போகும், நடுவில் தளர்வதே கிடையாது. ரயில் காலையில் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த முக்கியமான காரணம் இதுதான்.

அந்த நெருக்கத்தில் நிற்பது எப்படி என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு காலை ஊன்றினால் இன்னொரு காலுக்கு இடம் இருக்காது, யாருடைய செருப்பு மேலாவது பட்டும் படாமலும் வைத்திருக்க வேண்டும். மேலே கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் அப்புறம் அந்தக் கையை இறக்க முடியாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம், பிள்ளையின் முகம் சரியாகப் பெரியவர்களின் பைக்கும் இடுப்புக்கும் நடுவில் மாட்டும். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் நிறுத்திவிட்டால் அதுவரை ஜன்னல் வழியாக வந்த காற்றும் நின்றுபோகும். ஓடும்போது பொறுத்துக்கொள்கிற வேர்வை நாற்றம் நிற்கும்போது தொண்டையில் வந்து அடைக்கும்.

ஒரு நாள் தாதன்குளம் தாண்டி வண்டி போய்க்கொண்டிருக்கும்போது எனக்கு முன்னால் நின்ற காலேஜ் பிள்ளையின் தலை மெதுவாக என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். நெற்றி சில்லென்று இருந்தது, பிடித்திருந்த கை கம்பியில் இருந்து நழுவியிருந்தது. மயங்கிவிட்டாள், ஆனால் விழவில்லை. சுற்றி நின்றவர்களின் உடம்பே அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது. கீழே விழுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும், விழ இடமில்லாததால் எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ. ஜன்னலோரம் இருந்த ஒரு ஆச்சி, "எட்டி, அந்தப் புள்ளய இங்க தள்ளுங்க, நான் எந்திரிக்கேன்" என்று சத்தம் போட்டு, அந்த வயதில் எழுந்து இடம் கொடுத்தார்கள். தண்ணீர் பாட்டில் எங்கிருந்தோ கை மாறி கை மாறி வந்தது. செய்துங்கநல்லூர் வந்ததும்தான் கண் திறந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம், ரயிலைப் பிடிக்க ஓடி வந்தாளாம்.

இதற்குப் பக்கத்தில் காலை பஸ்ஸை வைத்துப் பார்ப்போம். பஸ்ஸும் சும்மா வராது, திருச்செந்தூரிலேயே சீட் நிறைந்துதான் வரும். நெருக்கத்தை மட்டும் பார்த்தால் முதல் அரை மணி நேரம் ரயிலைவிட பஸ்தான் மோசம். கூரை தாழ்வு, பிரேக் போட்டால் முன்னால் நிற்கிறவர் மேல் மொத்தமாகச் சாய்வது, வேகத்தடையில் தூக்கிப் போடுவது, இந்த நெரிசலுக்குள் டிக்கெட் போட வரும் கண்டக்டர் வேறு நம்மை இடித்துக்கொண்டுதான் போக முடியும். டிரைவர் பக்கம் நின்றால் இன்ஜின் சூடு காலைச் சுடும். ஆனால் தென்திருப்பேரையில் நாலு பேர், ஆழ்வார்திருநகரியில் பத்துப் பேர், ஸ்ரீவைகுண்டம் தாலுகா ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் போகிறவர்கள் புதுக்குடியில் என்று கூட்டம் கரைந்துகொண்டே வரும். ஏறுகிறவர்களும் உண்டு, ஆனாலும் எனக்குப் பாதி வழியில் சீட் கிடைக்காத நாள் குறைவு. அப்புறம் வி.எம்.சத்திரம், சமாதானபுரம், பாளை பஸ் ஸ்டாண்ட் என்று வேண்டிய இடத்தில் இறங்கலாம். காலேஜ் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. பாளை ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து இன்னொரு பயணம் இருக்கிறதே.

இன்னொன்று, பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும். காலை பாசஞ்சரை விட்டால் அவ்வளவுதான். எவ்வளவு கூட்டமானாலும் ஏறித்தான் ஆகவேண்டும் என்கிற நெருக்கடியே அதனால்தான் வருகிறது. நான் சென்னையில் இரண்டு வருடம் இருந்தேன். தாம்பரம்–பீச் லைன், 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்த தடம். அங்கேயும் பிதுங்கும். ஆனால் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சரி அடுத்ததில் போவோம் என்று ஒதுங்கி நிற்கலாம், கொஞ்ச நேரத்தில் அடுத்த வண்டி வந்துவிடும். அந்த ஒரு வசதி எங்கள் ஊரில் கிடையாது. அந்த வசதி இருக்கிற இடத்திலேயே படியில் தொங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். 2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பக்கத்துச் சுவரில் மோதிச் செத்தார்களே, அந்தச் செய்தி வந்த நாளில் இருந்து எங்கள் வண்டியில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பையன்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். படியில் பயணம் செய்தால் ரயில்வே சட்டம் 156-வது பிரிவுப்படி மூன்று மாதம் வரை ஜெயிலோ 500 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஆனால் உள்ளே நுழையவே இடமில்லாத பெட்டியில் வாசலில் நிற்கிறவன் எல்லாரும் வீம்புக்கு நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தைச் சாக்கு வைத்து உரசுகிறவன் ரயிலிலும் இருக்கிறான், பஸ்ஸிலும் இருக்கிறான். பஸ்ஸில் பெண்கள் முன்பக்கம் ஒன்றாக நிற்போம், ஒரு சத்தம் போட்டால் டிரைவர் காதிலேயே விழும், கண்டக்டர் வந்துவிடுவார். ரயிலின் பொதுப் பெட்டியில் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது, கை யாருடையது என்றே தெரியாது. நான் பையைக் குறுக்கே நெஞ்சோடு போட்டு, முதுகை சீட்டின் ஓரத்தில் ஒட்டி நிற்பேன். வண்டியின் கோடியில் பெண்களுக்கு என்று ஒதுக்கிய பகுதி இருந்தால் பிளாட்பாரத்தில் அந்த முனை வரைக்கும் நடந்துபோய் ஏறுங்கள், அங்கேயும் நெரிசல்தான், ஆனால் பயம் இல்லாத நெரிசல். ரயிலில் ஏதாவது நடந்தால் ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் சத்தம் போடுங்கள்.

பைக்கில் போகலாமே என்பார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய், அதே தூரம் திரும்பி வரவேண்டும், ரோட்டில் லாரியும் கோயில் வண்டிகளும். பெட்ரோல் காசு ஒரு பக்கம் இருக்கட்டும், முதுகு தாங்காது. நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இப்போது சாயந்தரம். இங்கேதான் எல்லாம் தலைகீழாகிறது. திருச்செந்தூர் வண்டி கிளம்புவதே நெல்லையில். கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது பிளாட்பாரத்துக்குப் போனால் ஜன்னல் சீட். எனக்கு வேலை ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்தில், ஸ்டேஷன் நடக்கிற தூரம். பஸ் என்றால் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும், அல்லது பாளையில் போய் நிற்கவேண்டும், பாளைக்கு வரும்போது அந்த பஸ் நிரம்பியிருக்கும். ரயிலில் கூட்டம் கடைசியில் இதேபோலத்தான் ஆகும், ஆனால் நான் உட்கார்ந்துவிட்டேன். காலையில் எனக்கு எதிராக இருந்த அதே கணக்கு சாயந்தரம் எனக்குச் சாதகம், ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தே இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வண்டியில் பழக்கம். என் மடியில் சில நாள் மூன்று பை இருக்கும், ஒன்றில் மல்லிகைப்பூ, ஒன்றில் டிபன் பாக்ஸ், ஒன்று யாருடையது என்றே தெரியாது. இறங்கும்போது "யக்கா, அந்த நீலப் பை" என்று ஒரு கை நீளும்.

காசு விஷயம். கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சர் வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டு, குறைந்தபட்ச டிக்கெட்டை 30 ரூபாய் ஆக்கியிருந்தார்கள், 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10 ரூபாய்க்கு வந்தது. மாத சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. நான் ஒரு வழி மட்டுமே ரயிலில் போகிறேன், அப்படியும் சீசன் எடுப்பதுதான் லாபமாக இருக்கிறது. பெண்களுக்கு பஸ் இலவசம்தானே என்று கேட்பார்கள். அது டவுன் பஸ்ஸுக்கு மட்டும், நெல்லைக்குப் போகும் ரூட் பஸ்ஸுக்குக் கிடையாது. ஆக, காலை பஸ் கட்டணம் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. மாதக் கடைசியில் நானும் காலையில் ரயிலில் ஏறிவிடுவேன், மறைக்கவில்லை.

ரயிலே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஜனவரி வரைக்கும் வண்டி இல்லை. ரோடு சரியானதும் ரயில் கூட்டம் மொத்தமும் பஸ்ஸில் ஏறியது. அந்த நாட்களில் நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்களை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன். நிரம்பிய பஸ் நிற்காமல் போய்விடும், ரயில் எவ்வளவு நிரம்பினாலும் நிற்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே காலையில் இன்னொரு வண்டி விடுங்கள், அது முடியாவிட்டால் இருக்கிற வண்டியில் இரண்டு பெட்டியாவது கூடுதலாகச் சேருங்கள் என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். காலண்டரில் பௌர்ணமி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பௌர்ணமி ராத்திரி திருச்செந்தூர்க் கடற்கரையில் தங்குகிற கூட்டம் ரொம்ப அதிகம். மறுநாள் விடிந்ததும் அவர்கள் எல்லாரும் ஊர் திரும்ப வேண்டும், ராத்திரி தூங்காத கண்ணும் பன்னீர் இலை விபூதியும் மணல் ஒட்டிய காலுமாகக் காலை பாசஞ்சரில் தரையெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். பாவம், அவர்களை எழுப்பவும் மனசு வராது. அன்றைக்கு பஸ்ஸிலும் கூட்டம் இருக்கும்தான், ஆனாலும் அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பி பஸ்ஸிலேயே போய்விடுங்கள், ஏதாவது சாப்பிட்டுவிட்டு.