டிஜிகேமில் என் ஸ்கிராப்புக் கிட்டுகள்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

டிஜிட்டல் ஸ்கிராப்புக்குக்காக, அதாவது கணினியில் புகைப்பட ஆல்பப் பக்கங்களை அலங்கரித்துச் செய்வதற்காக, சேர்த்த பேப்பர், எலிமென்ட், டெம்ப்ளேட் (பக்கத்துக்கான தயார் அமைப்பு) எல்லாவற்றையும் பல ஆண்டுகளாக டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் வைத்துத்தான் கையாள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள் இது. ஆனால் மென்பொருளைவிட, அதற்குள் ஒவ்வொரு பொருளையும் என்ன சொல்லால் குறித்து வைக்கிறோம் என்பதுதான் தேடும்போது கைகொடுக்கிறது. அதனால் இந்தப் பகிர்வில் பாதி மென்பொருளைப் பற்றியும், பாதி அந்தச் சொற்களை, அதாவது டேக் போடுவதைப் பற்றியும் இருக்கும்.

இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு கிட் என்றால் பின்னணிப் பேப்பர்கள், பூ, ரிப்பன், பட்டன், ஃபிரேம் போன்ற எலிமென்ட்கள், சில சமயம் எழுத்துருவம், எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. பேப்பர் பெரும்பாலும் 12×12 அங்குலம், 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்). அதாவது 3600×3600 பிக்சல் ஜேபெக். எலிமென்ட்கள் பின்னணி இல்லாத பிஎன்ஜி. கூடவே ஒரு முன்னோட்டப் படமும், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனைகள் எழுதிய ஒரு கோப்பும் இருக்கும். ஒரு கிட்டே சில நூறு எம்பி வந்துவிடும். இலவசக் கிட்டுகளையும் சேர்த்து ஆசை ஆசையாக இறக்க ஆரம்பித்தால் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய அதிக நாளாகாது.

விண்டோஸ் ஃபோல்டர்களே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்குப் போதும்தான். ஆனால் விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ஜேபெக் கோப்புக்கு டேக் போடலாம், பிஎன்ஜிக்குப் போட முடியாது. நம் பொருளில் பெரும்பகுதி பிஎன்ஜி. டெம்ப்ளேட்கள் வரும் பிஎஸ்டி என்ற ஃபோட்டோஷாப் கோப்புக்குச் சிறுபடமும் தெரியாது. அடோபி ப்ரிட்ஜும் இலவசம்தான், அதையும் பயன்படுத்தியிருக்கிறேன். பிஎஸ்டியைக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. ஃபோட்டோஷாப்பிலேயே வாழ்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. எனக்கோ, எல்லாக் கிட்டுகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் தேடும் ஒரு பட்டியல் தேவைப்பட்டது. ப்ரிட்ஜ் அடிப்படையில் ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கும் கருவி. டிஜிகேம் எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் பதிந்து வைக்கும் கருவி. அந்த வித்தியாசம் சேகரிப்பு பெருகப் பெருகத் தெரியும்.

டிஜிகேம் 2001இல் கேடிஇ சமூகத்தில் தொடங்கிய திறமூலத் திட்டம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல்முறை மொத்தச் சேகரிப்பையும் காட்டும்போது ஒவ்வொரு கோப்பையும் படித்துச் சிறுபடம் உருவாக்க வெகுநேரம் எடுக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுவதே நல்லது. அமைப்பில் இரண்டு விஷயங்களைத் தொடக்கத்திலேயே சரி செய்துகொள்ளுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் கிட்டுகள் இருந்தால், கழற்றி மாட்டும் சாதனத்திலுள்ள சேகரிப்பு என்றே அதைச் சேர்க்க வேண்டும். அடுத்தது, டேக் விவரங்களைத் தனி எக்ஸ்எம்பி கோப்பில் (படத்தின் பக்கத்திலேயே இருக்கும் சிறு விவரக் கோப்பு) எழுதும்படி வைத்தால் அசல் கோப்பு மாறாது. காப்புப் பிரதி எடுக்கும்போது பெரிய படங்களை மறுபடி நகலெடுக்க வேண்டியதில்லை, சின்னச் சின்ன எக்ஸ்எம்பி கோப்புகள் மட்டும் போகும். நாளைக்கே டிஜிகேமை விட்டு வேறொன்றுக்கு மாறினாலும் நம் உழைப்பு கையில் இருக்கும். ஒரே நிபந்தனை: கோப்புகளை இடம் மாற்றினால் டிஜிகேமுக்குள்ளிருந்தே மாற்ற வேண்டும். எக்ஸ்புளோரரில் படத்தை மட்டும் இழுத்துப் போட்டால் எக்ஸ்எம்பி பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

ஃபோல்டர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. கிட்டைப் பிரிக்காதீர்கள். பூவெல்லாம் ஒரு ஃபோல்டர், ரிப்பனெல்லாம் ஒரு ஃபோல்டர் என்று கலைத்துப் போடும் முறையைப் பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் இது யார் வடிவமைத்தது, நிபந்தனை என்ன என்ற விவரம் தொலைந்துபோகும். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற கிட்டும் உண்டு, காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குச் செய்துகொடுக்கலாம் என்ற கிட்டும் உண்டு. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து ஆல்பத்துக்குக் கூலி வாங்கினால் இரண்டாவது வகையைத்தான் தொட வேண்டும். அந்தக் கிட்டுகளுக்குப் பச்சை வண்ணக் குறி போட்டு வைத்திருக்கிறேன். வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து தனியாக உழைப்பவர்கள். அவர்கள் எழுதிய நிபந்தனையை மதிப்பது நம் கடமை. ஆக, வடிவமைப்பாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் கிட் பெயர், அவ்வளவுதான். ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீண்ட பெயர்கள் வரும். விண்டோஸின் 260 எழுத்து எல்லையைத் தாண்டினால் சில கோப்புகள் திறக்காமல் சண்டித்தனம் செய்யும். பெயரைச் சுருக்கிவிடுங்கள்.

அப்புறம் டேக். இங்கேதான் நம்மவர்களுக்கென்று ஒரு தனி வேலை இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் கிட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய வாழ்க்கையை மனதில் வைத்துச் செய்தவை. கிறிஸ்துமஸ், ஹாலோவீன், இலையுதிர்காலம், பனிப்பொழிவு. கிட்டின் பெயரையே டேக்காகப் போட்டால் நம் ஆல்பத்துக்குத் தேடும்போது எதுவும் அகப்படாது. ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைப் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கிறிஸ்துமஸ் என்று தட்டத் தோன்றுமா? ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் கிட்டில் உள்ள வண்ண பல்புச் சரங்கள்தான் கோயில் சீரியல் லைட்டுக்கு அச்சாகப் பொருந்துகின்றன. சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை (தெய்வ வேடமிட்டவர்கள் வரும் அலங்கார வண்டி ஊர்வலம்) பக்கத்துக்கு நான் போட்ட விளக்குகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அதே கிட்டின் சிவப்பும் பொன்னிறமும் கலந்த பேப்பர்கள் முகூர்த்தப் பட்டுக்கு எடுப்பாக இருக்கும்.

ஏற்காடு படங்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அக்கா வீடு அங்கே இருப்பதால் மலைப் படங்கள் எங்களிடம் ஏராளம். பனிப்பொழிவுக் கிட்டுகளில் படத்தின் மேல் பரப்பும் ஓவர்லேகள் மங்கலான வெள்ளைத் திரை போல வரும். பனித் துகள்களை விட்டுவிட்டு அந்தத் திரையை மட்டும் எடுத்து, அடர்த்தியைக் குறைத்துப் போட்டால் பகோடா பாயின்டில் காலையில் இறங்கும் மூடுபனி அப்படியே வந்துவிடும். இலையுதிர்காலக் கிட்டின் பழுப்பும் செம்மண் நிறமும் காப்பித் தோட்டப் பக்கங்களுக்கு. மேப்பிள் இலைகளை மட்டும் தவிர்த்துவிடுவேன், அவை நம் மலையில் இல்லை. ஆகவே என் டேக் மரத்தில் கிளைகள் இப்படி: நிகழ்ச்சி, இடம், நிறம், பொருள். நிகழ்ச்சிக்குக் கீழே காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடிப் பண்டிகை, கோடை விழா. இடத்துக்குக் கீழே மூடுபனி, தோட்டம், கோயில், ரயில். ஒரே வெள்ளை ஓவர்லேவுக்கு மூடுபனி என்றும் சாம்பிராணிப் புகை என்றும் இரண்டு டேக் இருக்கும். அந்தப் பொருளை நான் எதற்காகத் தேடுவேனோ அந்தச் சொல்லைத்தான் போடுகிறேன்.

டேக்கைத் தமிழிலேயே எழுதலாம், எந்தச் சிக்கலும் வந்ததில்லை. முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் ஏற்கெனவே உள்ள டேக்கைக் காட்டிவிடும். வலதுபுறம் உள்ள வடிகட்டியில் மூடுபனி, பச்சை என இரண்டையும் தேர்ந்தெடுத்து, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வைத்தால் சில நொடிகளில் வேண்டியது வரிசையாக நிற்கும். அக்கா மகள் விடுமுறைக்கு வரும்போது, “சித்தி, அந்தக் காப்பிக் கலர் பேப்பர் எங்க இருக்கு?” என்று கேட்ட காலம் போய், இப்போது அவளே தேடி எடுத்துக்கொள்கிறாள்.

சொந்தமாகச் செய்த எலிமென்ட்களுக்குத் தனி டேக். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு, சேலம் வெண்பட்டு வேட்டியின் கரை, அக்கா வாசலில் போட்ட கோலம், மிளகுக்கொடி, சில்வர் ஓக் இலை என நானே படமெடுத்தும் ஸ்கேன் செய்தும் பின்னணி நீக்கியவை இவை. சின்னப் பொருளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்வது நல்லது; 2 அங்குல இலைகூட 1200 பிக்சல் வரும், பக்கத்தில் சற்றுப் பெரிதாக வைத்தாலும் கெடாது. வாங்கிய கிட்டுகளைவிட இவற்றைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். நம் ஊர்ப் பொருளுக்கு ஈடாக வெளியில் கிடைப்பது மிகக் குறைவு.

அச்சுக்குப் போகும் அளவும் டேக்கில் இருந்தால் உதவும். இங்கே ஸ்டுடியோக்களில் ஆல்பம் பெரும்பாலும் 12×36 அங்குல விரிப்பாகத்தான் போகிறது. 300 பிபிஐயில் அது 10800 பிக்சல் அகலம், நம் 12×12 பேப்பரைப் போல மூன்று மடங்கு. எல்லாப் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட முடியாது, இணைப்பு தெரியும். அப்படி ஒட்டினாலும் தெரியாத பேப்பர்களுக்கு ‘நீட்டலாம்’ என்று ஒரு டேக். ஆல்பம் அவசரமாகக் கேட்கும் நாட்களில் அதைத்தான் முதலில் திறப்பேன்.

குறைகளும் உண்டு. ஃபோட்டோஷாப் பிரஷ்களின் ஏபிஆர் கோப்பும் ஃபான்ட் கோப்பும் இதில் தெரியாது. ஒவ்வொரு பிரஷ் தொகுப்புக்கும், ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டுக்கும் ஒரு மாதிரிப் படம் செய்து அதற்கு டேக் போட்டு வைக்கிறேன். Catamaran, Meera Inimai, Pavanam, Kavivanar போன்ற இலவச யூனிகோட் ஃபான்ட்கள் கூகுள் ஃபான்ட்ஸிலேயே கிடைக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் கொம்பு எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். இன்னொரு குறை, பெரிய பிஎஸ்டிகள் மெதுவாகத் திறக்கும். இணக்கத்தன்மைத் தெரிவு (Maximize Compatibility) இல்லாமல் சேமித்த பிஎஸ்டிக்கு முன்னோட்டமே வராமல் போகலாம். டெம்ப்ளேட்டோடு வரும் ஜேபெக் முன்னோட்டத்தை அழிக்காமல் வைத்திருப்பதுதான் வழி.

ஒத்த படங்களைத் தேடும் வசதி மிக அருமை. ஒரே இலவசக் கிட்டை வேறு வேறு பெயரில் மறுபடி இறக்கியது எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்கு முன், ஒவ்வொரு படத்தின் சாயலையும் ‘கைரேகை’யாகப் பதிந்துகொள்ளும் பராமரிப்பு வேலையை ஒருமுறை ஓட்டியிருக்க வேண்டும். கூடவே, கறுப்புத் தீமுக்கு மாறிக்கொள்ளுங்கள். வெள்ளை லேஸும் வெள்ளைப் பூவும் அதில்தான் கண்ணில் படுகின்றன.

காப்புப் பிரதியை நான் மூன்றாக வைத்திருக்கிறேன்: வேலை செய்யும் டிஸ்க், வீட்டில் இன்னொன்று, ஏற்காட்டில் அக்கா வீட்டு அலமாரியில் ஒன்று. மலையில் ஈரம் அதிகம் என்பதால் அந்த டிஸ்க்கை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறோம். நான் வாங்கிய இணையக் கடை ஒன்று மூடப்பட்டபோது அங்கே இருந்த என் பழைய டவுன்லோட்கள் எல்லாம் போய்விட்டன. டிஸ்க்கில் இருந்ததால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. டிஜிகேமின் தரவுத்தளக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்க மறந்துவிடாதீர்கள்.

கையில் பத்துப் பதினைந்து கிட்டுகள்தான் இருக்கின்றன என்றால் இவ்வளவும் தேவையில்லை, ஃபோல்டரே போதும். சேகரிப்பு பெரிதாகிவிட்டவர்கள் பழைய குவியலை முதலிலிருந்து டேக் செய்ய உட்கார வேண்டாம், சலித்துவிடும். அடுத்து எந்த ஆல்பம் செய்யப்போகிறீர்களோ, அதற்காகத் திறக்கும் கிட்டுகளுக்கு மட்டும் டேக் போடுங்கள். புதிதாக இறக்கும் கிட்டுக்கு அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஒரே நிறம், ஒரே வகை உள்ளவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் போட்டால் ஒரு கிட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.