கண்டியில் பழங்காசு வாங்கப் போகிறீர்களா? டின்னைக் கேளுங்கள்

கண்டி நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பழைய மணிக்கூடு, முத்திரை, பித்தளைச் சாமான் எல்லாம் விற்கிறார்கள். பழங்காசு ஒரு ஓரத்தில்தான். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு வேலையாக வரும்போது நான் எட்டிப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் மின்னுவதெல்லாம் வார்ப்புப் போலி, அதாவது அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றியது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் அச்சு சேர்ந்த கோடு தட்டுப்படும். மூன்று ரோமக் காசிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் விளங்காதா என்ன? கேட்டால் கடைக்கார நானா மறைக்க மாட்டார், "அது வெள்ளைக்காரங்களுக்கு வச்சது மிஸ்" என்று சிரிப்பார். சரி, அதை ஒரு துண்டில் எழுதி ஒட்டினால் என்ன? இதில் வேடிக்கை, அந்தப் போலிக்குச் சொல்லும் விலை உள்ளே பிஸ்கட் டின்னில் கிடக்கும் அசல் ரோமக் காசின் விலையைவிடக் கூட.

நான் வங்கியில் அடகுப் பிரிவில் இருப்பவள். எங்கள் கணக்கு சுலபம்: எத்தனை பவுண், எத்தனை கரட், இன்றைக்கு என்ன விலை, அவ்வளவுதான். பழங்காசில் அது செல்லாது. வயதும் செல்லாது. 1,600 வருடத்துக்கு முந்திய ரோமச் செப்புக்காசுகள் நம் நாட்டில் புதையல் புதையலாக அகப்பட்டிருக்கின்றன; அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்தவையும் ஏராளம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தேய்ந்ததை நானா 800 ரூபாவுக்குத் தருகிறார், நியாயம்தான். ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக்காசைக் கண்டதும் எனக்குக் கை பரபரத்தது உண்மை. ஆனால் இலங்கையில் அதுவும் தாராளமாகக் கிடைக்கிற காசு. பெயருக்காக அவர் விலையை ஏற்றவில்லை, அது எனக்குப் பிடித்தது.

நான் வாங்கியது லீலாவதி அரசியின் காசு. முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி. 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று தடவை பொலன்னறுவையில் அரசாண்டவர். ஒரு பக்கம் கோடு கோடாக நிற்கும் உருவம். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜ லீலாவதி". என்னுடையதில் கடைசி எழுத்து விளிம்போடு போய்விட்டது, மற்றவை தெளிவு. பச்சைக் களிம்பு கலையாமல் இருக்கிறது. தராசில் 4 கிராமுக்குச் சற்றுக் கூட. 3,500 ரூபா.

இது அபூர்வக் காசும் இல்லை. அரசியின் காசு என்பதால் தேடி வருகிறார்கள், அதனால் அந்த விலை. பக்கத்திலேயே தர்மாசோகனின் காசு ஒன்று இருந்தது. 1208இல் கைக்குழந்தையாக அரியணையில் வைக்கப்பட்டவன், ஒரு வருடம்கூட நிலைத்து ஆண்டானோ என்னவோ. அவன் காசு லீலாவதியுடையதைவிட அரிது. விலை 4,500தான். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். "கேட்டு வர ஆளில்லையே மிஸ்" என்றார். பராக்கிரமபாகு காசு ஒன்றை யாரோ புளி போட்டு விளக்கிப் புதுச் செம்புபோல ஆக்கியிருந்தார்கள். களிம்பு போனால் மதிப்பும் குறையும்; அதை அவரே தனியாக எடுத்து வைத்துப் பாதி விலை சொன்னார். இந்த நேர்மைக்காகத்தான் திரும்பப் போகிறேன்.

ஆனால் பில் எழுதும்போது கை சுருங்கிவிடுகிறது. "பழைய காசு 1" என்று மட்டும் எழுதித் தந்தார். எங்கே எடுத்தது என்றால் "அநுராதபுரம் பக்கம்" என்பதோடு சரி. வற்புறுத்திய பிறகுதான் அரசியின் பெயரையும் எடையையும் எழுதினார். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: 1815 மார்ச் 2க்கு முற்பட்டது சட்டப்படி தொல்பொருள், அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டியிருக்கும். விலை பேசலாம், கொஞ்சம் குறைப்பார். லென்ஸ் ஒன்று கொண்டுபோங்கள், கடையில் இருப்பது கீறல் விழுந்தது. அடுத்த முறை தர்மாசோகனைத்தான் கேட்கப்போகிறேன். அதுவரை அவனை யாரும் வாங்கிவிட மாட்டார்கள் என்று நானாவே சொல்லிவிட்டார்.