யாழ்ப்பாணத்து வீட்டு ரீவிக்கு டிஷ்ஷா, பைபரா?

பக்கேஜில் நூறு சனல் இருந்தாலும் ஒரு வீட்டில் விடாமல் பார்ப்பது ஏழெட்டுத்தான். அதனால் இணைப்புக் கேட்கப் போகுமுன் அந்த ஏழெட்டையும் எழுதுங்கள். சக்தி, வசந்தம், நேத்ரா கூரை அன்ரனாவில் தெளிவாக எடுபட்டால் அவற்றை வெட்டிவிடுங்கள். மிச்சத்துக்குத்தான் காசு.

இந்தியாவில் 2019 முதல் சனலுக்குச் சனல் விலை போட்டு, வேண்டியதை மட்டும் எடுக்க விதி உண்டு. இங்கே பெரும்பாலும் பக்கேஜ்தான். கிரிக்கெட் சனல் மேல் பக்கேஜில் இருந்தால் அந்த ஒன்றுக்காக முழுவதற்கும் கட்டுகிறோம். பார்வையாளருக்கு இது நியாயமே இல்லை. உலகக் கிண்ண மாதத்துக்கு மட்டும் ஏறி, பிறகு இறங்க விடுவார்களா என்று முதலே கேளுங்கள்.

டயலொக் ரீவி போன்ற டிஷ் சேவை ஊர் மூலை வரை வரும். டிஷ் பிடிக்கும் கேயூ அலை (செய்மதியிலிருந்து வரும் அலைவரிசை) கன மழையில் வலுவிழப்பதால் கார்த்திகை மழைக்குப் படம் கட்டம் கட்டமாக உடையும், அது இயல்பு. மழை விட்டும் வராவிட்டால் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் தலை) கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது. பழுதான நுனியை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் ரேப் இறுக்கிச் சுற்றுங்கள். வயரைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அதில் சொட்டிவிடும். காற்றடிக்கும்போது மட்டும் படம் நின்றால் டிஷ்ஷுக்கு முன்னால் தென்னோலையோ வேப்பங்கொப்போ ஆடுகிறதா என்று பாருங்கள். குருநகர், பருத்தித்துறைக் கரையில் உப்புக்காற்று ஆணிகளைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் ஆணி கேட்டுப் போடுங்கள்.

பைபர் (ஒளியில் தகவல் கொண்டுவரும் கண்ணாடி இழை வயர்) கம்பம் வரை வந்திருந்தால் எங்கள் தெரிவு ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் பியோ ரீவிதான். மழை அதைத் தொடாது. பொக்ஸை வைபையில் விடாமல் லான் வயரில் கொடுங்கள். பைபர் வயரைச் சுவர் மூலையில் மடித்து ஆணி அடித்தால் ஒளி கசியும், ரூட்டரில் சிவப்பு விளக்கு எரியும். கரண்ட் போனால் ரூட்டரும் போகும். பெரும்பாலான ரூட்டர் 12 வோல்ட் என்பதால் சின்ன யூபிஎஸ் போதும். பொக்ஸுக்கும் ரீவிக்கும் இன்வேட்டர் வேண்டும்.

செயலியில் எச்டி பார்ப்பவர்கள் மணிக்கு இரண்டு, மூன்று ஜிபி கணக்கு வையுங்கள். அளவான டேட்டா பக்கேஜில் இரண்டு மட்ச் பார்க்கவே மாத டேட்டா கரைந்துவிடும்.

அன்ரனா வழி டிஜிட்டலுக்கு அரசு 2014 இல் ஐஎஸ்டிபி-ரி முறையைத் தெரிவு செய்தது, வேலை இழுபட்டது. புது ரீவி வாங்கும்போது பெட்டியில் அந்தப் பெயரைத் தேடுங்கள். வேறு நாடுகளின் டிவிபி-ரி2 முறை மட்டும் உள்ள ரீவி அந்த ஒளிபரப்பை எடுக்காது.