கன்றுக் கழிச்சல்: கஞ்சியா, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டா, டிரிப்பா?

பிறந்து மூன்று வாரத்துக்குள் கழிகிற கன்றைச் சாகடிப்பது பெரும்பாலும் கழிச்சலோடு வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். கூடவே ரத்தத்தில் அமிலமும் ஏறும். எந்த வைத்தியமானாலும் போனதைத் திருப்பித் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு இரண்டு முதல் நாலு விநாடி நின்று, கண்ணும் சற்று உள்வாங்கியிருந்தால் உடல் எடையில் 6–8 சதவீதம் போய்விட்டது. 25 கிலோ ஜெர்சி கலப்பினக் கன்றுக்கு 8 சதவீதம் என்றால் 2 லிட்டர். வாயில் விரல் விட்டால் சப்பவில்லை, வாய் சில்லென்று இருக்கிறது, எழவும் முடியவில்லை என்றால் இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்.

அரிசிக் கஞ்சி, சர்க்கரைத் தண்ணீர், இளநீர் மூன்றுமே கன்றுக்கு ஆகாது. இளங்கன்றின் குடலில் வெள்ளைச் சர்க்கரையை உடைக்கும் நொதி இல்லை. மாவுச்சத்தும் சரியாகச் செரிக்காது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டும். இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். அமிலம் ஏறிய கன்றின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கனவே உயர்ந்திருக்கலாம். அது இதயத்தைப் பாதிக்கும்.

மெடிக்கலில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் குளுக்கோஸே இருப்பதால் கன்று உறிஞ்சிக்கொள்ளும். குறை இதுதான்: கன்றுக்கு லிட்டருக்கு 90–130 மில்லிமோல் (கரைந்த உப்பை அளக்கும் அலகு) சோடியம் வேண்டும், இதில் 75தான். அமிலத்தை முறிக்கும் சிட்ரேட்டும் போதாது. ஒரு லிட்டர் கரைசலில் 4 கிராம் சமையல் சோடா (தலைதட்டிய டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு) சேர்த்தால் சோடியம் 123 ஆகும், அமிலமும் முறியும். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போடக்கூடாது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. உறையைப் படித்துப் பாருங்கள். பாக்கெட் இல்லையா? லிட்டருக்கு குளுக்கோஸ் பொடி 20 கிராம், உப்பு 4 கிராம், சோடா 4 கிராம். நிறுத்தே போடுங்கள், உப்பு கூடினால் மூளை பாதிக்கும்.

வெதுவெதுப்பாக, ஒரு வேளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், நாளுக்கு மூன்று நாலு வேளை. நிப்பிள் பாட்டிலில் தானாகச் சப்ப விடுங்கள். தலையைத் தூக்கி மூங்கில் குழாயால் புகட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். பாலை நிறுத்தவே கூடாது, கரைசலில் இருக்கும் சக்தி கன்றுக்குப் போதாது. ஆனால் சோடாவும் சிட்ரேட்டும் பால் உறைவதைத் தடுக்கும், அதனால் பாலுக்கும் கரைசலுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அசிட்டேட் (அமிலத்தை முறிக்கும் இன்னொரு உப்பு) சேர்ந்த கன்றுக்கான எலக்ட்ரோலைட் பொடி கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. என் கணக்கில் அதுதான் முதல் தேர்வு.

சப்பாத, படுத்துவிட்ட கன்றுக்கு வாய்வழி எதுவும் வேண்டாம். கால்நடை மருத்துவரை அழையுங்கள், தமிழ்நாட்டில் 1962 எண்ணிலும் கேட்கலாம். இதற்கு டிரிப்தான். 25 கிலோ கன்றுக்கு 10 சதவீத இழப்பு என்றால் ஏற்ற வேண்டியது இரண்டரை லிட்டர், அதாவது 500 மில்லி பாட்டில் ஐந்து. ஒரே பாட்டிலோடு நிறுத்துவதால்தான் பல கன்றுகள் மறுநாள் தேறுவதில்லை. வெறும் சலைன் (உப்புக் கரைசல்) அமிலத்தை முறிக்காது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் டிரிப்) சோடியமே கிடையாது. ரிங்கர் லாக்டேட் பரவாயில்லை. படுத்த கன்றுக்கு 1.3 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல்தான் வேலை செய்யும். அதை ஏற்றுகிற அளவும் வேகமும் மருத்துவர் கையில். கன்று எழுந்து சப்பத் தொடங்கியதும் மறுபடி நிப்பிள் பாட்டில் கரைசலுக்கு மாற்றுங்கள், கழிச்சல் நிற்கும்வரை இழப்பும் தொடர்ந்துகொண்டுதான் இருக்கும்.